கண்ணாடி போடலையா என்று கேட்பதற்கு முன்

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். என் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். திருவொற்றியூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்தார். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், மொத்தம் ஏழு பேர் வேலை செய்யும் இடம். ஒரு நாள் ஆங்கிள் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தபோது கட்டிங் வீல் உடைந்து, ஒரு சில்லு இடது கண்ணில் பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 30.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மேஸ்திரி சொல்லிவிட்டாராம்: "தம்பி, எப்படி அடிபட்டதுன்னு கேட்டா வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு. போலீஸ் கேஸ் ஆனா உனக்குத்தான் அலைச்சல். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்." இவரும் வலியில், "சரிண்ணா" என்றார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வண்டியிலிருந்து விழுந்ததாகவே எழுதினார்கள். முதலாளி மருத்துவச் செலவைக் கட்டினார், கையில் 40,000 ரூபாய் கொடுத்தார், ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பார்வை திரும்பவில்லை. பிறகு யாரோ இழப்பீடு பற்றிச் சொல்லி இவர் போய்க் கேட்டபோது முதலாளி சொன்ன பதில்: "ஷீல்டு இருந்துச்சே, நீதானே போடல?"

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு இவர் திரும்பி வந்துவிட்டார். தப்பு தன் மேல்தான் என்று நம்பினார். வட சென்னையில் இப்படி நம்பி வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர். சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்து. 2010-இல் அதற்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் ஒரு புதிய சட்டத் தொகுப்புக்குப் போயின, அதைப் பின்னால் சொல்கிறேன். வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் விபத்து நடந்து காயம் பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. தொழிலாளி கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தாலும் உரிமை போய்விடாது. தப்பு யார் பக்கம் என்ற விசாரணையே இங்கே முதல் கேள்வி இல்லை.

தொழிலாளியின் நடத்தையைக் காரணம் காட்டும் விதிவிலக்குகள் மூன்றுதான். குடித்திருந்தோ போதையிலோ இருந்ததால் நேரடியாக விபத்து நடந்திருந்தால் இழப்பீடு இல்லை. பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட உத்தரவையோ விதியையோ வேண்டுமென்றே மீறியிருந்தால் இல்லை. பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தே ஒரு சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருந்தால் அல்லது பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் இல்லை. இந்த மூன்றும்கூட, உயிர் போயிருந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டிருந்தாலோ பொருந்தாது. அப்போது "அவர் ஹெல்மெட் போடவில்லை" என்ற வாதமே முதலாளிக்கு உதவாது.

கடைசி இரண்டிலும் உள்ள 'வேண்டுமென்றே' என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறதி வேறு, அவசரம் வேறு, வேண்டுமென்றே மீறுவது வேறு. சாதனத்தைக் கொடுத்தார்கள், அது பாதுகாப்புக்கு என்று தொழிலாளிக்குத் தெரியும், அப்படியிருந்தும் மனமறிந்து ஒதுக்கினார் என்று காட்ட வேண்டியது அந்த விதிவிலக்கைக் கேட்கும் முதலாளியின் பொறுப்பு. சுவரில் "பாதுகாப்பே முதன்மை" என்று ஒரு போர்டு தொங்குவது, வெளிப்படையாக இட்ட உத்தரவு ஆகாது.

எங்கள் தெருக்காரர் விஷயத்துக்கு வருவோம். ஷீல்டு இருந்தது உண்மைதான். நாலு பேருக்கு ஒன்று. பொறி பட்டுப் பட்டு அதன் முன்பக்கம் பனி படிந்த மாதிரி மங்கிப் போயிருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் அறுக்க வேண்டிய கோடே தெரியாது. கோடு தப்பினால் இரும்பு வீணாகும், திட்டு விழும். அதனால் எல்லோரும் அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டுதான் அறுப்பார்கள், சூப்பர்வைசர் கண் முன்னாலேயே. இதைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியதாக எடுத்துக்கொள்ள முடியுமா? வேலைக்கு உதவாத சாதனத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் போடாமல் நடக்கும் வேலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது நிர்வாகம். என் பார்வையில், பாதுகாப்புச் சாதன வழக்குகளின் உயிர்நாடி இதுதான். 'கொடுத்தார்களா' என்பதோடு நிற்காமல், எதைக் கொடுத்தார்கள், அது அந்த வேலைக்கு ஏற்றதா, போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததா என்று கேட்க வேண்டும்.

வட சென்னைப் பட்டறைகளையும் யார்டுகளையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெல்டிங்குக்கு உரிய கருமை இல்லாத சாதாரணக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு வெல்டிங் அடித்துவிட்டு, ராத்திரி கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தித் தூங்காமல் கிடப்பார்கள். அமில வேலைக்குத் துணிக் கையுறை தருவார்கள், அது அமிலத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைக்கும். நச்சுப் புகைக்குத் துணி மாஸ்க் தருவார்கள், அது நச்சுவாயுவைத் தடுக்காது. ஹெல்மெட்டில் தாடைப் பட்டை அறுந்திருக்கும், விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட்தான் தனியே போய் விழும். உயரத்தில் ஏற இடுப்பு பெல்ட் மட்டும் கொடுப்பார்கள். விழுபவரின் உடல் எடை முழுவதும் இடுப்பில் மட்டும் வந்து இறங்கும், வயிற்றுக்குள்ளும் முதுகெலும்பிலும் அடிபடும். தோள், தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. லேத், டிரில்லிங் மிஷின் மாதிரி சுழலும் இயந்திரங்களில் கையுறை போடவே கூடாது. நுனித் துணி சிக்கினால் விரலோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே "கிளவுஸ் போட்டுக்கோ" என்று கொடுத்த மேற்பார்வையாளரே விபத்துக்குக் காரணமாகிறார். அங்கே வேண்டியது இயந்திரத்துக்குப் போடும் காப்புத் தடுப்பு. ஆளுக்குச் சாதனம் மாட்டுவது எப்போதும் கடைசி அரண். இயந்திரத்தை மூடாமல் விட்டுவிட்டு ஆளுக்கு மட்டும் கையுறை மாட்டுவது பாதுகாப்பு ஆகாது.

தரத்துக்கும் அளவுகோல் உண்டு. தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 2925, கண் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 5983, பெல்ட்டுக்கு ஐ.எஸ். 3521 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. சாதனத்தின் மேலேயே எண் அச்சாகியிருக்கும். விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டில் அந்த எண் இல்லை என்றால் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதையெல்லாம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது. துகள் தெறிக்கும், கண் கூசும் வேலைகளில் தகுந்த கண்ணாடியோ தடுப்போ தர வேண்டும் என்றது 35-ஆவது பிரிவு. நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழிகளுக்குள் இறங்கச் சுவாசக் கருவி, பெல்ட், கயிறு வேண்டும் என்றது 36-ஆவது பிரிவு. பலருக்குத் தெரியாதது 114-ஆவது பிரிவு: முதலாளி தந்தாக வேண்டிய சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது. ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்வது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது சட்டமீறல். பிடித்தம் செய்த சம்பளச் சீட்டு கையில் இருந்தால் அதுவே ஒரு சாட்சி.

சரி, எவ்வளவு பணம்? எங்கள் தெருக்காரர் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்குரிய காரணி எண்ணால் (சட்டத்தின் அட்டவணையில் வயதுவாரியாகத் தந்திருக்கும் எண்) பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இது 2020 ஜனவரி 3 முதல் உள்ளது, அதற்கு முன் 8,000. 15,000-இல் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஒரு கண்ணில் பார்வை போய், மற்றது நன்றாக இருந்தால் உழைப்புத் திறன் இழப்பு 30 சதவீதம் என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. அப்படியானால் 5,61,546 ரூபாய். கண்ணையே எடுக்க வேண்டி வந்திருந்தால் 40 சதவீதம். அவர் கைக்கு வந்தது 40,000.

கட்டைவிரல் முழுவதும் போனாலும் அதே 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுபவர்களுக்கு இந்த எண்கள் அந்நியமானவை இல்லை. நசுங்கிய கையைச் சீர்செய்வதற்கென்றே ஒரு தனிப் பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில் வளர்த்தெடுத்தார். பட்டறைகளும் துறைமுகமும் சூழ்ந்த பகுதிக்கு அது எவ்வளவு தேவையாக இருந்தது என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அட்டவணை சொல்லும் சதவீதமே முடிவு இல்லை. 1976-இல் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்குத் தீர்ப்பில், இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சருக்கு உச்ச நீதிமன்றம் 100 சதவீத இழப்பு என்று ஏற்றுக்கொண்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதுதான் காரணம். அவர் செய்த வேலையை இனி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்ற அந்தப் பார்வை இன்றும் வழக்குகளில் கை கொடுக்கிறது. அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு மருத்துவர் உழைப்புத் திறன் இழப்பை மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும்.

உயிரிழப்பு என்றால் 50 சதவீதத்தைக் காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்காரருக்கு உச்சவரம்பில் 14,77,950 ரூபாய் வரும். அந்தப் பணத்தை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்துக் கணக்கு முடிக்கக் கூடாது. இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் கட்ட வேண்டும், அவர்தான் பங்கிட்டுக் கொடுப்பார். துக்க வீட்டில் உட்கார வைத்துப் பேரம் பேசுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாவிட்டால் அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். மருத்துவச் செலவு தனி. "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நான்தானே பார்த்தேன்" என்று சொல்லி முதலாளி அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது, சட்டமே அதை இழப்பீடாகக் கணக்கிடக் கூடாது என்கிறது. அந்த வெள்ளைத்தாள் கையெழுத்துக்கும் மதிப்பு இல்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இரு தரப்பும் மனமொத்துச் சமரசமானாலும் அது ஆணையரிடம் பதிவாக வேண்டும், தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம்.

விபத்து நடந்த அன்றே தொகை கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அசலில் 50 சதவீதம் வரை அபராதமும் ஆணையர் விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் அசலையும் வட்டியையும் கட்டினாலும், அபராதம் முதலாளியின் பையிலிருந்துதான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது.

இதுவரை சொன்னது ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இல்லாதவர்களுக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார், அவர் ஆணையரிடம் போக முடியாது. அங்கே வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு சதவீதம் நிர்ணயித்து வாழ்நாள் முழுவதும் மாதத் தொகை தருவார்கள். வேலைக்காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி பதிவே செய்யாமல் விட்டிருந்தால் தொழிலாளியின் உரிமை போகாது, ஈ.எஸ்.ஐ. நிறுவனம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும். ஆகவே அடிபட்டதும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், நாம் ஈ.எஸ்.ஐ.க்குள் இருக்கிறோமா இல்லையா என்பது. இதில் தவறான கதவைத் தட்டி ஒன்றிரண்டு ஆண்டுகளை இழந்தவர்கள் உண்டு.

மணலி, எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இன்னொரு சிக்கல். பெரிய நிறுவனம், அதற்குக் கீழே ஒரு கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு சப் கான்ட்ராக்டர், அப்புறம் ஆள் பிடித்து வந்த மேஸ்திரி. அடிபட்டால் மேஸ்திரியின் போன் அணைந்துவிடும். இதற்கும் 1923 சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. தன் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டில் விட்டிருந்தால் மூல நிறுவனமே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அது கொடுத்துவிட்டுப் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். வழக்கில் மேஸ்திரியை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது பெரும் தவறு. தினக்கூலிக்குச் சட்டம் இல்லை என்பதும் பழைய கதை, தற்காலிக வேலையாட்களை விலக்கிய வரியை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

கழிவுநீர்க் குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுவாசக் கருவியும் பாதுகாப்பு உடையும் இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய், நிரந்தர ஊனமடைந்தவருக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று உத்தரவிட்டது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923 சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாவது அத்தியாயத்துக்குப் போயிருக்கின்றன, மேலே சொன்ன மூன்று விதிவிலக்குகள் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் வரவேற்க வேண்டிய ஒன்று உண்டு. முதலாளியின் விதிமீறலால் சாவோ கடுங்காயமோ நேர்ந்தால், விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும் எங்கள் தெருக்காரருக்கு ஏன் இழப்பீடு கிடைக்கவில்லை? தப்பு தன் மேல்தான் என்று நம்பியது ஒன்று. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் எழுதிய அந்த ஒரு வரி. அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேடு இருக்கிறது, நம் ஆட்கள் ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் முதலில் கேட்டு எழுதுவது அதில்தான். "பட்டறையில் கிரைண்டிங் செய்தபோது" என்று இருந்திருந்தால் வழக்கின் பாதி அங்கேயே முடிந்திருக்கும். "வண்டியிலிருந்து" என்று எழுதிவிட்டால், அதை மாற்றி நிரூபிக்க வருடக்கணக்கில் போராட வேண்டும். அவர் வழக்கே போடவில்லை.

வேலைக்கான சாட்சியும் அன்றாட வாழ்க்கையிலேயே கிடக்கிறது. போனில் வந்த சம்பளப் பணத்தின் பதிவு, "நாளைக்கு சீக்கிரம் வா" என்ற வாட்ஸ்அப் செய்தி, கேட் பாஸ், வேலையிடத்தில் எடுத்த போட்டோ எல்லாம் உதவும். கூட வேலை செய்தவரின் போன் எண்ணையும் அன்றைக்கே வாங்கிவைக்க வேண்டும், ஒரு மாதம் போனால் அவர் ஊர் மாறியிருப்பார். கிழிந்த கையுறை, விரிசல் விட்ட ஷீல்டு, அறுந்த பெல்ட் எதையும் தூக்கி எறியவோ திருப்பிக் கொடுக்கவோ கூடாது. கொடுத்த சாதனம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1923 சட்டப்படி மனுவை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த மாதிரி நேரங்களில், அதோடு எல்லாம் முடிந்தது என்று குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. நிவாரணம் அரசு கருணையோடு தருவது, இழப்பீடு முதலாளி தர வேண்டிய கடன். ஒன்றை வாங்கினால் மற்றது போகாது. இழப்பீட்டுக்காக அந்தக் குடும்பங்கள் ரயிலேறி மீண்டும் சென்னைக்கு வர வேண்டும் என்பதும் இல்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமின்றி, மனுதாரர் வசிக்கும் ஊரின் ஆணையரிடமும் மனு கொடுக்கலாம் என்று 1923 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. இறந்தவரின் மனைவி அசாமில் தன் ஊர்ப் பக்கத்து அலுவலகத்திலேயே எண்ணூர் விபத்துக்கு மனு எழுதிக் கொடுக்கலாம்.